வாடகைக்கென வீடு வாங்குவோர் அறியவேண்டுவன

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் ஒன்றுகூடும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலமாக ஒரு வினா எழுகின்றது. இளைப்பாறும்போது கையிற் கிடைத்த பணத்தையோ, கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையோ உடுவிற் பகுதியில் ஒரு வீட்டில் இட்டு, அதனை வாடகைக்கு விட்டு மாதவருவாய் பெறலாமா என்பதே அவ்வினா. நல்ல வினாவே. ஆயினும், "ஆம்" என்றோ "வேண்டா" என்றோ ஒரு சொல்லில் விடை கூறத்தக்கதன்று. ஆதலின், இம்மலரின் வாயிலாக, புதிதாக இத்துறையில் இறங்குவோர்க்குப் பயன்படத்தக்க சில குறிப்புக்களை எழுதத் துணிந்தோம்.

உடுவிலில் வாடகை வீட்டுக்குத் தேவை உண்டு என்பதில் ஐயமில்லை. 1824 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையை இங்கே தொடங்கிய நாள்முதல் பிறவூரார் வந்து தங்கும் ஊராக இது விளங்கி வருகின்றது. அயலிலே மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் நிறுவிய கல்லூரியும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவும் உள. 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழக வளாகம் திருநெல்வேலியிலே அமைந்துளது. சுன்னாகச் சந்தை கூப்பிடு தூரத்தில் உளது. பிரதேச செயலகம் ஊரிலேயே உளது. எனவே இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர், உத்தியோகத்தர், மாணவர் ஆகியோர் அறை தேடி அலைதல் இன்றும் நாம் காணும் காட்சியாகும்.

தேவை உண்டு என்பதனால் இலாபம் உண்டு என்று துணிதல் பிழை. இத்துறையிற் பணம் இழந்தோரை நாம் அறிவோம். அவர்கள் சுவர் வெடித்தோ ஓடு பறந்தோ இழந்தவர் அல்லர். உறுதியை ஆராயாமையாலும், கணக்குப் பாராமையாலும், எழுத்தில் வையாமையாலுமே இழந்தவர்.

நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த அன்பர் ஒருவரின் செய்தியை இங்கே கூறுதல் பொருந்தும். பெயர் வேண்டியதில்லை. ஆசிரியராய் இருந்து இளைப்பாறிய அவர், தமக்குக் கிடைத்த பணம் முழுவதையும் கொண்டு இரண்டு பரப்புக் காணியும் ஓட்டு வீடும் வாங்கினார். வீடு நன்று, விலையும் நன்று. முதலாவது குடியிருந்தோர் வந்து மூன்றாம் மாதம், அயல்வளவுக்காரர் கிணற்றடிப் படலையைப் பூட்டிவிட்டார். கிணறு அயல்வளவினுள் இருந்தது. பல்லாண்டுகளாக இரு வீட்டாரும் அதில் அள்ளி வந்தமையால் அது பொதுக்கிணறு என்றே நண்பர் எண்ணியிருந்தார். ஆனால் அவர் பெயருக்கு எழுதிய உறுதியிலே கிணற்றுப் பங்கு என்ற சொல்லே இல்லை. குடியிருந்தோர் வெளியேறினர். வீடு ஒன்பது மாதம் வெறுமனே கிடந்தது. ஈற்றில் அயலவரிடம் பங்கை விலை கொடுத்து வாங்கி, வேறோர் உறுதி முடித்த பின்னரே அவ்வீட்டில் மீண்டும் விளக்கு எரிந்தது. ஓர் ஆசிரியரின் முப்பது ஆண்டுச் சேமிப்பு, ஒரு சொல் விடுபட்டமையால் ஆட்டங்கண்டது. இக்கட்டுரை எழுந்ததற்கு அந்நிகழ்ச்சியே காரணம் என்க.

உறுதியை ஆராய்தல்

யாழ்ப்பாணத்துக் காணி வேறிடத்துக் காணி போன்றதன்று. இங்கே தேசவழமை என்னும் சட்டம் இன்றும் ஆட்சி செலுத்துகின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், கிளாசு ஐசாக்சு என்னும் அதிகாரி நம்மவரின் வழக்கங்களைத் தொகுத்து எழுத, பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என நாம் வீட்டிலே வழங்கும் சொற்கள் யாவும் நீதிமன்றத்திலும் பொருளுடைய சொற்களாகும்.

ஆதலின், காணி வாங்குவோன் முதலிற் கேட்கவேண்டிய வினா, "விலை என்ன?" என்பதன்று, "இது விற்பவருக்கு எவ்வழியால் வந்தது?" என்பதே. முதுசமாயின் உடன்பிறந்தார்க்குப் பங்கு பிரிக்கப்பட்டதா எனப் பார்த்தல் வேண்டும். சீதனமாயின் அது மனைவியின் உடைமை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டற்பாலது. தேடியதேட்டமாயின் கணவன் மனைவி இருவரும் கையொப்பமிடச் செய்தலே அறிவுடைமை.

பிரிபடாத பங்கை வாங்குவோர் மற்றுமொன்றைக் கவனித்தல் வேண்டும். கூட்டுரிமையாளர்க்கும் உரித்தாளராக வரத்தக்கவர்க்கும் அப்பங்கை முதலில் வாங்கும் உரிமை தேசவழமையில் உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாது முடித்த உறுதி பின்னர் வழக்குக்கு இடமாகும். "அண்ணன் கனடாவில் இருக்கிறார், அவர் ஒன்றும் சொல்லார்" என்று விற்பவர் கூறுவதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தல் ஆகாது. அண்ணன் சொல்லாதிருக்கலாம், அண்ணன் பிள்ளைகள் சொல்வர்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் எழுதிக் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. அவ்வாறு எழுதிய உறுதியைப் பெட்டகத்திற் பூட்டிவைத்தல் போதாது. உடனே காணிப் பதிவகத்திற் பதிவு செய்தல் வேண்டும். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் முந்திப் பதிந்தவனுக்கு முதன்மை தருகின்றது. ஒருவரே ஒரு காணியை இருவருக்கு விற்றாராயின், பிந்தி வாங்கினவர் மோசடியின்றி முந்திப் பதிந்துகொண்டால், முந்தி வாங்கினவர் இடருறுவர். விலை பேசுமுன் முப்பது ஆண்டுக்காயினும் பதிவேட்டைத் தேடுவித்தல் நன்று. அதற்காகும் செலவு வீட்டின் விலையோடு ஒப்பிடுங்கால் தூசு போன்றது.

அளவையும் அவ்வாறே. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச்சு. பழைய உறுதியில் 2 பரப்பு என எழுதியிருப்பினும், வேலி ஆண்டுதோறும் அடைக்கப்படுகையில் கதியாலும் பூவரசும் ஓரடி ஈரடி நகர்ந்திருத்தல் நம்மூரிற் புதுமையன்று. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து படம் வரைவித்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

கிணறும் வழியும்

கிணற்றுப் பங்கு, ஒழுங்கையால் வந்துபோகும் வழியுரிமை, வாய்க்கால் உரிமை ஆகிய மூன்றும் உறுதியிலே சொல்லாலே குறிக்கப்பட்டுளவா எனப் பார்த்தல் வேண்டும். நம் நண்பரின் கதை இதற்குச் சான்று.

பங்கு இருந்தாற் போதாது. நீரும் நன்றாய் இருத்தல் வேண்டும். நமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை; நிலத்தடி நீரே நமக்கு உயிர். அக்கல்லிலுள்ள வெடிப்புக்களின் வழியே மேலே ஊற்றுவது விரைவிற் கீழே சேர்கின்றது. சுன்னாகம் மின் நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஆகவே நீரைப் பரிசோதித்துப் பெற்ற அறிக்கை, உறுதிக்கு அடுத்தபடியாக வாங்குவோன் கையில் இருக்கவேண்டிய தாள் ஆகும். மலசலகூடக் குழி கிணற்றுக்கு 50 அடியாயினும் விலகியிருத்தல் வேண்டும்; அயலவர் குழிக்கும் நம் கிணற்றுக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

கணக்குப் பார்த்தல்

வாடகையைப் பன்னிரண்டாற் பெருக்கி, "இவ்வளவு வருமானம்" என்று மகிழ்தல் புதியவர் செய்யும் பெரும்பிழை. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தொகைகள் கணக்கு விளங்குதற்கென நாம் கற்பித்தவை.

ஒருவர் ஒரு வீட்டை 1 கோடி 10 இலட்சம் ரூபாவுக்கு வாங்குகின்றார். முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், அளவை, திருத்தம், வர்ணப்பூச்சு ஆகியவற்றுக்கு 10 இலட்சம் ஆகின்றது. முதல் 1 கோடி 20 இலட்சம். மாத வாடகை 40,000. ஆண்டில் ஒரு மாதம் வீடு வெறுமையாய் இருக்குமெனக் கொண்டால் வரவு 4,40,000. இதிலே திருத்தச் செலவு 60,000. சோலைவரியும் காப்புறுதியும் 12,000. வீட்டைப் பார்த்து வாடகை சேர்ப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு 44,000. எஞ்சுவது 3,24,000. அஃதாவது நூற்றுக்கு 2.7. வருமான வரி இதனுட் சேரவில்லை. வாடகையும் 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்கீழ் வருமானமே என்பதை மறத்தல் ஆகாது.

இதே மனிதர் தாம் குடியிருக்கும் வளவிலேயே, தனிவாயிலும் குளியலறையும் உடைய இரண்டு அறைகளை 20 இலட்சம் செலவிற் கட்டி, மாணவர்க்கு மாதம் 20,000 ரூபாவுக்குக் கொடுத்தாரென வைப்போம். விடுமுறை மாதங்களைக் கழித்துப் பத்து மாதத்துக்கு 2,00,000. செலவு 40,000 போக 1,60,000. நூற்றுக்கு 8. காணி முன்னரே தம்முடையதாதலின், உறுதியாலும் எல்லையாலும் வரும் இடர் இல்லை. பிழை நேரினும் இழப்புச் சிறிது. கண்முன்னே இருப்பதால் மேற்பார்வைக்குப் பிறர் வேண்டியதில்லை. பிரதேச சபையின் கட்டட அனுமதியைப் பெறுதல் மட்டும் தவறலாகாது. புதிதாகத் தொடங்குவோர்க்கு நாம் கூறும் முதல் அறிவுரை இதுவே: முதலாவது வாடகை வீட்டைத் தன் முற்றத்திலே தொடங்குக, ஈராண்டு நடத்திப் பார்த்த பின்னர் அயலூரிலே காணி தேடுக.

"வீட்டின் விலை ஏறுமே!" என்பார் உளர். உண்மை. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அணுகியபோது, வங்கியில் இட்ட பணம் தேய்ந்ததையும் நாம் கண்டோம். ஆனால் அதே 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 புள்ளி உயர்த்தியபோது, மாறும் வட்டிக்குக் கடன்பட்டு வீடு வாங்கியோர் பட்ட பாட்டையும் கண்டோம். மாதத் தவணை ஏறியது, வாடகை ஏறவில்லை. எனவே கடன்படுவோர், வட்டி இருமடங்கானாலும் தவணை கட்ட இயலுமா என்று முதலிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முழுப்பணத்தையும் வீடுகளிலே இடுதலும் தகாது. 1973 ஆம் ஆண்டில் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த சட்டம் வந்தபோது, வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசின் கைக்குச் சென்றன. ஒரே பெட்டியிற் பொருள் அனைத்தையும் வைத்தோர் அன்று கலங்கினர்.

ஒற்றியும் வாடகையும்

ஒற்றி என்பது நம்மவரின் பழைய வழக்கம். பணம் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாகக் காணியின் பயனை நுகர்வார். பணம் திரும்பியதும் காணி உடையவருக்கு மீளும். வீட்டையும் அவ்வாறே ஒற்றிக்குக் கொடுப்பர். ஒருமுறையிற் பெருந்தொகை கைக்கு வருவதால் புதியவர் மயங்குவர். ஒற்றிப் பணம் வருமானம் அன்று, கடன் என்பதை நெஞ்சில் இருத்துதல் வேண்டும். அதனைக் கொண்டு மகளுக்கு நகை செய்தவர், தவணை முடிவில் வீட்டை மீட்க வகையின்றி விற்க நேர்ந்தமை நம்மூர் அறிந்தது. ஒற்றிக்குக் கொடுப்பவர் அப்பணத்தைத் தீண்டாது வைத்திருத்தல் இயலுமாயின் மட்டும் கொடுக்கலாம்.

எழுத்திலே வைத்தல்

"தெரிந்த பிள்ளைகள்தானே, எழுத்து எதற்கு?" என்று கேட்பது நம்மவர் பண்பு. எழுத்து ஐயத்தின் அடையாளம் அன்று, நட்பின் காவல். வாடகைத் தொகை, கொடுக்கும் நாள், முற்பணம், மின்கட்டணம் யார் செலுத்துவது, திருத்தம் யார் செய்வது, எத்தனை பேர் குடியிருப்பது, வெளியேற எத்துணைக் கால அறிவித்தல் என்பன யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணையுடைய குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றிச் சட்டத்திற் செல்லாது என்பதைப் பலர் அறியார். வெள்ளைத்தாளில் ஓராண்டுக்கு எழுதிக் கையொப்பமிட்டு ஆறுதலடைவர்.

போர்க்காலத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1942 இல் வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1948 ஆம் ஆண்டுச் சட்டமாகிப் பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமாயிற்று. குடியிருப்போரைத் திடீரென வெளியேற்றாவண்ணம் அது காக்கின்றது. பின்வந்த திருத்தங்களால் பல வீடுகளுக்கு விலக்கும் உண்டு. தம் வீடு எவ்வகையிற் சேர்ந்தது என்பதைக் கொடுக்குமுன்னரே சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று. குத்தகை முடிந்தபின் கட்டடத்தை மீளப்பெறுதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் விரைவான வழியொன்றை வகுத்தது. முறையாக எழுதிய குத்தகை உடையவருக்கே அத்தகைய வழிகள் பயன்படும். எவ்வாறாயினும், பூட்டை மாற்றுதல், மின்னைத் துண்டித்தல், சாமான்களை முற்றத்தில் இடுதல் ஆகியன செய்யத்தகாதவை. நியாயம் நம் பக்கம் இருப்பினும் அவற்றால் அது மறுபக்கம் போய்விடும்.

மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் குடியிருப்போருக்கு மட்டும் நன்மை என எண்ணற்க. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் ஒரு காணியைப் பத்தாண்டு உரிமையாளருக்கு மாறாகத் தமதெனக் கொண்டு இருந்தாராயின் அதற்கு உரிமை கோரலாம். வாடகை பெற்றமைக்கு அடிச்சீட்டு நம் கையில் இருக்குமாயின், அவர் நமக்குக் கீழ்க் குடியிருந்தவரே என்பது தெளிவாகும். போர்க்காலத்தில் நாட்டைவிட்டு நீங்கித் தம் காணிக்காக வழக்காட இயலாதிருந்தோர்க்கு இடர் தீர்க்க 2016 இல் தனிச்சட்டம் ஒன்று வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இச்சிறு சீட்டின் பெருமை விளங்கும்.

கடல் கடந்த அன்பர்க்கு

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்க்கு இரு சொல். இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் பெயரிற் காணி வாங்குதலை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை உடையோர்க்கும், மரபுரிமையாகப் பெறும் உறவினர்க்கும் விலக்கு உண்டு. உறவினர் பெயரில் வாங்கி, "பின்னர் எழுதித் தருவார்" என நம்புதல் உறவையும் காணியையும் ஒருங்கே இழக்கும் வழியாகும். மற்றொன்று, அற்றோணித் தத்துவம் கொடுக்குங்கால், வாடகைக்கு விடுதல், வாடகை சேர்த்தல், திருத்தம் செய்தல் என அதிகாரத்தை எல்லையிட்டுக் கொடுத்தல் வேண்டும். விற்கவும் ஈடுவைக்கவும் உரிய முழு அதிகாரத்தை, வேண்டிய நாள் வருமுன் எவருக்கும் கொடாதிருத்தல் நன்று.

குடியிருப்போரும் நாமும்

இறுதியாக ஒன்று. நம் தந்தையர் எழுதுவினைஞராய்க் கொழும்பு சென்ற காலத்தில், ஒரு வீட்டை நால்வர் ஐவராய் வாடகைக்கு எடுத்துச் சமறி என்று பெயரிட்டு வாழ்ந்தனர். 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் உடுவிலிலும் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் தங்கினர். 1995 அக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கு நடந்தபோது, வீடுடையோர் யாவரும் ஓரிரவில் வீடற்றோர் ஆயினோம். விறாந்தையில் ஒரு மூலை தந்து, கிணற்றில் அள்ள விட்டு, ஒரு சதமும் வாங்காதோரை நாம் அறிவோம். ஒரு தென்னோலைக் கொட்டிலுக்குப் பெருந்தொகை கேட்டோரையும் அறிவோம். 1996 இல் ஊர் திரும்பிய பின்னர், இருசாராரையும் நாம் மறக்கவில்லை.

வாடகை வீடு ஒரு முதலீடு. அதனை அறியாதவர் இறங்கவேண்டா. ஆனால் உள்ளே இருப்பது ஒரு குடும்பம், அல்லது தாய்தந்தையரைப் பிரிந்து வந்த ஒரு மாணவன். உறுதியைத் துருவி ஆராய்தலும், கணக்கைக் கடுமையாகப் பார்த்தலும், எழுத்தைத் தெளிவாக வைத்தலும் நாம் கூறியவை. அவற்றைச் செய்தவருக்குக் குடியிருப்போரிடம் கடுமை காட்டவேண்டிய நிலை பெரும்பாலும் வாராது. ஒழுகும் ஓட்டைக் கேளாமுன்னே மாற்றுபவர் வீட்டிலே நல்லோர் நெடுநாள் தங்குவர். வீடு வெறுமையாய்க் கிடக்கும் மாதம் குறையும். அறமும் ஆதாயமும் இவ்வொரு துறையிலாயினும் ஒரே ஒழுங்கையிற் செல்வதை நம் மாணவர் கண்டு பயன்பெறுவாராக.